மகாராணிக்குக் கண் போகிறது

அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த யாராவது, மாதச் சீட்டில் சேர்வதற்காக அவள் வீட்டுக் கதவைத் தட்டுவது வழக்கம். ஊரே ஒருத்தியைச் 'சீட்டுக்காரி' என்று கூப்பிட்டால் வேறு என்னதான் நினைப்பார்கள்? "நான் சீட்டுப் பிடிக்கிறவ இல்லம்மா, வண்டிக்கு சீட்டு தைக்கிறவ" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் தேய்ந்துவிட்டது. ஒரு சொல் ஆளை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று அவளுக்குத் தெரியாததா? தெரிந்திருந்தும் அன்றைக்கு அவளே ஏமாந்தாள். ஏமாந்தாளா, இல்லையா என்பதுதான் இங்கே கதையே.

முன்னறையில் ஜன்னலை ஒட்டி அவளுடைய மெஷின். லாரிக்காரன் ஒருவனுடைய சீட் உறை பாதி தைத்தபடி மடியில் கிடந்தது. தடித்த ரெக்சின், ஊசி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் வீடே அதிரும். நூல் அறுந்தது. கோர்ப்பதற்காக மெஷினை நிறுத்தினாள். சத்தம் ஓய்ந்ததும், பின்பக்கக் கொட்டகையில் புருஷன் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"கண்ணு அப்பப்பப் போயிடுது மாப்ளே. திடீர்னு ஒரே இருட்டு. கொஞ்சம் பொறுத்தா தானா வந்துடுது... இல்லடா, ஒண்ணு இல்ல, ரெண்டும்தான்... சனிக்கிழமை வந்து பாரு. அக்காகிட்ட மூச்சு விட்டுடாத, அவ என்னக் கொன்னே போட்டுடுவா."

ஊசி ஒரு கையில் இருந்தது, நூல் இன்னொரு கையில் இருந்தது. அவளுக்குத்தான் கைகால் ஓடவில்லை.

அவள் புருஷன் என்ன கலெக்டர் உத்தியோகமா பார்க்கிறார், கண்ணாடி போட்டுக்கொண்டு சமாளிக்க? பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையும் மாலையும் வேன் கொள்ளாத பிள்ளைகள். அந்த வேனின் சீட்டெல்லாம் அவள் தைத்ததுதான். எந்தப் பிள்ளை ஸ்பாஞ்சைப் பிய்த்துத் தின்னும், எது சன்னலோரத்துக்கு அடித்துக்கொள்ளும், எது முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் நாய் எண்ணிக்கொண்டே போகும் என்று அவளுக்கு அத்துப்படி.

போனில் அந்தப்பக்கம் இருந்தது அவளுடைய தம்பி. வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவன். ஒல்லியாக இருப்பான், பொசுக்கென்று கோபம் வரும், அதனால் சின்ன வயதிலிருந்தே 'ஃபியூஸ்' என்றுதான் பெயர். கண் போகிறதென்றால் வயரிங்காரனிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் அவளுக்கே விளங்கியிருக்கும். பயந்தவளுக்கு யோசனை எங்கிருந்து வரும்? அவருக்கு இருப்பது ஒரே மச்சினன், மனசில் இருப்பதை அவனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வார் என்று அவளே ஒரு பதிலும் கட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவரை வேவு பார்ப்பதுதான் அவள் வேலை. பார்க்கப் பார்க்க எல்லாமே பயமாக இருந்தது. காலையில் எழுந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, நெற்றியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருக்கிறார். முன்பு இப்படி உட்கார்வாரா? ஞாபகம் இல்லை. டீ டம்ளரை மேஜை மேல் வைக்கும்போது விளிம்பில் வைத்தார், அது கவிழ்ந்தது. போன மாதம் பட்டப்பகலில் வேனைக் கேட் தூணில் உரசினாரே? "வெயிலு மூஞ்சியில அடிச்சுது" என்றாரே? வேன் நின்றிருந்த திசையை இப்போது நினைத்துப் பார்த்தாள். வெயில் முதுகுப் பக்கம்தான் இருந்திருக்க வேண்டும். ஐயோ என்று வந்தது அவளுக்கு.

"என்னங்க, இந்த ஊசியில நூலக் கோர்த்துக் குடுங்களேன்."

"ஏன், உனக்கு என்ன?"

"கை நடுங்குது."

வாங்கினார், எச்சில் தொட்டு ஒரே தடவையில் கோர்த்துக் கொடுத்தார். அவளுக்கு உயிர் வந்தது. அரை மணி நேரம்கூட அந்த உயிர் தங்கவில்லை. அப்பப்பத்தானே போகிறது என்றார்? தானாக வந்துவிடுகிறது என்றாரே? வந்திருக்கிற நேரத்தில் ஊசி என்ன, எறும்பு காலுக்குக்கூட நூல் கட்டலாமே.

கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஃபியூஸ் வந்தான். நேராகப் பின்பக்கம் போனான். அங்கே கொட்டகையில் மகாராணி நின்றுகொண்டிருந்தாள். மகாராணி என்றால் அந்தக் கார். இவர்கள் பிறப்பதற்கு முன்னால் யாரோ ஒரு சீமான் ஓட்டிய கார். பழைய இரும்புக் கடையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அவர் அதை இழுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே கொடுத்தார். துருவைச் சுரண்டி, தகரம் தட்டி, பெயின்ட் அடித்து, ஓடவும் வைத்துவிட்டார். "எனக்குச் சக்களத்தி வந்து சேர்ந்தாளே" என்று சண்டை போட்டுக்கொண்டே அதற்கு சீட் தைத்தது அவள்தான். ஓரத்தில் இரட்டைத் தையல் வேறு. சக்களத்தியானாலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டாமா?

தம்பி கொட்டகையில் என்ன செய்கிறான் என்று டீயோடு போனாள். அவன் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து கிடந்தான். வெளியே கால் மட்டும்தான் தெரிந்தது.

"இழுங்க மாமா."

அவள் புருஷன் ஹெட்லைட் பட்டனை இழுத்தார். எதிர்ச்சுவரில் இரண்டு வெள்ளை வட்டம் விழுந்தது.

"தள்ளுங்க." வட்டம் போனது. "இழுங்க." வந்தது. "ஆட்டிப் பாருங்க." ஆட்டினார். வட்டம் அசையவில்லை.

"கண்ணு ரெண்டும் கல்லு மாதிரி நிக்குது மாமா. வயரு நல்லா இருக்கு. எர்த்து வயரு முனையையும் துரு போகச் சுரண்டிட்டேன். சுவிட்சுல ஒரு குறையும் இல்ல."

"போகுதுடா. நான் என்ன பொய்யா சொல்றேன்? ஏரிக்கரைப் பக்கம் போனா, பாதி வழியில ரெண்டு கண்ணும் போயிடுது."

டீ டம்ளரைக் கீழே வைத்தாள். தம்பியின் காலைப் பிடித்து இழுக்காத குறையாக அவனைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"டேய், எந்தக் கண்ணுடா? உண்மையச் சொல்லு. எந்தக் கண்ணு?"

"எந்தக் கண்ணா? வண்டிக் கண்ணுக்கா! ஹெட்லைட்டு. நாங்க அதைக் கண்ணுன்னுதானே சொல்வோம்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடப்பாவமே! மாமா கண்ணுன்னு நெனச்சியா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"அப்ப எங்கிட்ட ஏன்டா மறைக்கணும்?"

"லைட்டு போகுதுன்னு சொன்னா வண்டியவே தொடக் கூடாதுன்னு சொல்லிடுவியே, அதான்."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் அடுத்தது உறைத்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

"சுவிட்சுல குறையே இல்லன்னு சொன்னியேடா இப்ப?"

"ஆமா."

"வயரும் நல்லா இருக்கு."

"ஆமாக்கா."

"அப்புறம் எப்படி இருட்டாகுது அவருக்கு?"

ஃபியூஸ் தலையைச் சொறிந்தான். கொட்டகையில் அவள் புருஷன் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தபடி பட்டனை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தார். அந்தச் சத்தம் கிணற்றடி வரை கேட்டது.

"இன்னைக்கு இருட்டுற நேரத்துல நானும் வண்டியில வர்றேன்" என்று கொட்டகைக்குப் போய் அவரிடம் சொன்னாள்.

"நீயா?" அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகாராணி ஓட ஆரம்பித்ததிலிருந்து அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. "மழைதான் வரப் போகுது!"

மழை வரவில்லை. வெளிச்சம் மெதுவாகக் குறைந்துகொண்டிருந்த நேரத்தில் ஏரிக்கரை ரோட்டில் இருவரும் போனார்கள். ஒரு பக்கம் தண்ணீர், நாணல். மறுபக்கம் செங்கல் அடுக்கிய காலி மனைகள். விளக்குக் கம்பம் ஒன்றுகூட இல்லாத ரோடு. அவர் உற்சாகமாக எஞ்சின் சத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நன்றாக இருட்டியதும் பட்டனை இழுத்து விளக்கைப் போட்டார். அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சிமிட்டினால் பயம், சிமிட்டாவிட்டால் அதைவிடப் பயம். கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்ததில் விரல் மரத்துப் போனது.

"போச்சு!" என்றார் அவர்.

அவள் திரும்பினாள். ரோடு இல்லை, தண்ணீர் இல்லை, வண்டியின் மூக்குகூட இல்லை. மை பூசினது போல இருட்டு.

"எனக்கும் தெரியல!" என்று கத்தினாள். "என்னங்க, எனக்கும் ஒண்ணுமே தெரியல!"

"அடியே, பிரேக்கு புடிக்க விடு!"

"எனக்கும் இருட்டுங்க! ஐயோ, நல்லா இருட்டா இருக்குங்க!" கை தட்டினாள். அழுகையும் வந்தது. ஏரிக்குள் விழுந்தாலும் பரவாயில்லை என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. அவர் எப்படியோ சரளையில் இறக்கி வண்டியை நிறுத்தினார். இருட்டில் உட்கார்ந்து பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே விளக்கு இரண்டும் தானாக எரிந்தன.

மறுநாள் காலையிலேயே ஃபியூஸ் சுவிட்சைக் கழற்றி முன்வாசலில் பழைய சாக்கை விரித்துப் பிரித்துப் போட்டான். உள்ளே நகத்தளவு ஒரு தகடு.

"இங்க பாருங்க, இதுதான் ஆளு. கரண்டு அதிகமாப் போனா இது சூடாகி வளைஞ்சு, தொடர்பை விட்டுடும். ஆறினதும் நிமிந்து ஒட்டிக்கும். அந்தக் காலத்துல வண்டி தீப்புடிக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கான். கொட்டகையில கொஞ்ச நேரம் போட்டுப் போட்டு அணைச்சா இது எப்படிச் சூடாகும்? ரோட்டுல ஓடினாத்தான் சூடாகும்."

"கரண்டு ஏன்டா அதிகமாப் போகுது?" என்றாள் அவள்.

ஃபியூஸ் இருமினான். "பழைய பல்பு மினுக்மினுக்குன்னு இருந்துதுக்கா. நான்தான் பெருசாப் போட்டேன்."

"நாசமாப் போறவனே! குடியக் கெடுக்கத்தான் தம்பியாப் பொறந்தியா?" என்று சாக்கின் நுனியால் அவனை அடித்தாள். அடித்த கையாலேயே அவன் தலையைத் தடவியும் கொடுத்தாள். தன் நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை இவன் நகத்தளவு தகடாக ஆக்கிக் கையில் கொடுத்துவிட்டானே, அதற்காகத்தான்.

பல்பின் பாரம் சுவிட்சின் மேல் விழாமல், பேட்டரியிலிருந்தே தனியாகக் கரண்டு போகும்படி அவன் ரிலே என்கிற ஒரு சின்னப் பெட்டியை வைத்து வயரை மாற்றினான். காலை முழுக்க விளக்கை எரியவிட்டார்கள். சுவரில் வட்டம் சிமிட்டவே இல்லை.

அவள் முட்டையை உடைத்துப் பொரித்தாள், உருளைக்கிழங்கு வறுத்தாள். பல நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவளுக்கே பசித்தது. சாப்பிடும்போது ஃபியூஸ் சும்மா இருப்பானா? அக்கா கிணற்றடியில் கேட்டதை அப்படியே நடித்துக் காட்டினான். "எந்தக் கண்ணுடா, எந்தக் கண்ணு?" என்று அவள் குரலிலேயே கேட்டதும் அவளுக்குப் புரையேறியது.

"எங்கண்ணுன்னா நெனச்ச?" என்றார் அவர்.

"பின்ன? கேக்குறவளுக்கு எப்படித் தெரியும்?"

"அட பைத்தியமே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு வருவதற்கு ஒரு கணம் பிந்தியது. அவள் அதைக் கவனித்தாள். கவனித்தும், இன்றைக்கு எதற்கு அது என்று ஒதுக்கிவிட்டாள்.

கை கழுவிவிட்டு வந்தவர் மச்சினனிடம் கேட்டார். "மாப்ளே, இந்தத் தகடு பகல்லயும் விடுமா?"

"பகல்ல யாரு மாமா லைட்டு போடப் போறா?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

ஃபியூஸ் அதற்கும் சிரித்தான். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கேட் தூண் ஒரு தடவை நினைவில் வந்து போனது. தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே அடுக்கினாள்.

சாயங்காலம் அவளாகவே போய் வண்டியில் உட்கார்ந்தாள். தம்பி வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். "மகாராணிய ஒரு சுத்து சுத்திட்டு வருவோம், காலையில வேனுக்குப் போகணும், சீக்கிரம் திரும்பிடலாம்" என்றார் அவர். அதே ஏரிக்கரை ரோடு. இருட்டியதும் பட்டனை இழுத்தார். வெளிச்சம் என்றால் அப்படி ஒரு வெளிச்சம். நாணலின் ஒவ்வொரு தாளும் தெரிந்தது. செங்கல் அடுக்கின் மேல் ஒரு பூனை உட்கார்ந்து இவர்களை முறைத்தது. அவள் கதவுப் பிடியைத் தொடவில்லை. மடியில் கையைக் கோர்த்துக்கொண்டு, பெரிய வீட்டுப் பெண்மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தன் தையல்தான், முதுகுக்கு எவ்வளவு இதம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

"போச்சு" என்றார் அவர்.

அவள் ரோட்டைப் பார்த்தாள். ரோடு பட்டப்பகல் மாதிரிக் கிடந்தது.

"என்னங்க?"

"போச்சுடி, மறுபடியும் போச்சு. கிழிச்சான் உந்தம்பி." கோபம்கூட இல்லாத சாதாரணக் குரல். நேற்று போல இருட்டில்தான் இருக்கிறோம் என்று நம்புகிற குரல். ரோடு இடது பக்கம் திரும்பியது. வண்டி திரும்பவில்லை. எதிரே தண்ணீர் பளபளவென்று நெருங்கிக்கொண்டிருந்தது.

"இடது பக்கம் ஒடிங்க" என்றாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. "இன்னும். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். பிரேக்கு புடிங்க."

வண்டி நின்றது. அவர் பட்டனைத் தேடிப் பிடித்து உள்ளே தள்ளினார். ரோடு அணைந்தது. இழுத்தார். ரோடு எரிந்தது. தள்ளினார், அணைந்தது. இழுத்தார், எரிந்தது.

"பாத்தியா? எவ்வளவு இழுத்தாலும் ஒண்ணும் இல்ல" என்றார்.

அவள் எரிகிற ரோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். பானெட்டின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே முன்பக்கம் போனார். தானே தட்டி நிமிர்த்திய தகரம், அதனால் கைக்கு வழி தெரிந்தது. விளக்குக்கு முன்னால் போய் நின்றார். அவ்வளவு வெளிச்சமும் அவர் முகத்தில் அடித்தது. அவர் கண்ணைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கூசவில்லை. சிமிட்டவும் இல்லை. அப்படியொரு முகத்தைப் பார்க்கிற பாவத்தை யாருக்கும் கொடுக்காதே என்று அவள் மனசுக்குள் கதறினாள்.

விளக்குக் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுதே" என்றார், தனக்குத்தானே.

பிறகு என்ன ஆனதோ, அவர் முகம் சுருங்கியது. கண்ணை இறுக்கி மூடி, கையால் மறைத்துக்கொண்டு, வெளிச்சத்தைவிட்டு விலகினார். அவள் இறங்கி ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தாள். அது சில்லென்று இருந்தது. அவர் விளக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வந்துடுச்சு" என்றார். "இப்பத்தானே வந்துச்சு? நான் தொட்டதும் வந்துச்சுல்ல?"

கேட்டவிதம் அப்படி. ஒரு 'ஆமா' போதும் அவருக்கு. ஒரே ஒரு 'ஆமா' சொன்னால் வீட்டுக்குப் போகலாம், தம்பியைத் திட்டலாம், நாளைக்கு வேறு ஒரு சுவிட்ச் வாங்கிப் போடலாம். அந்தச் சொல் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. இருபத்தைந்து வருஷமாக அவர் என்ன சொன்னாலும் சண்டை போட்டவள், இன்றைக்கு ஒரு தடவை ஒத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? காலையில் முன்சீட்டில் ஏறி நாய் எண்ணப்போகும் அந்தப் பொடிசு நினைவுக்கு வந்தது.

"இல்லங்க" என்றாள். "அது போகவே இல்ல."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பம்பரின் மேல் மெல்ல உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோட்டில் இருவருடைய நிழலும் நீளமாகக் கிடந்தது.

"எத்தன நாளாங்க?"

"தெரியல. வண்டிதான்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "வேன்லயும் ரெண்டு தடவ ஆச்சு. வெயிலுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் அவர் கையை விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர் என்று ஏதோ முணுமுணுத்தாள். அவர் தலையாட்டினார்.

"தம்பிக்குப் போன் போடு" என்றார். "வந்து வண்டிய எடுக்கச் சொல்லு."

அவள் போனை எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப்பக்கம் மணி அடித்தது.

"காலையில வேனையும்" என்றார் அவர்.